ஆறாவது பிளக்

ஐந்தைக் கழற்றிவிட்டானாம்.
ஆறாவதற்குக் கை நுழையவில்லையாம்.
"உன் கை சின்னது" என்றான் ராடோவான் போனில்.
மூன்று வருடத்தில்
என்னைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

தீர்ப்பின்படி கார் அவனுக்கு, பூனை எனக்கு.
பூனை போய்ச் சேர்ந்துவிட்டது.
கார் இருக்கிறது.

பிர்னோவில் நவம்பர் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ட்ராமில் போனேன்.
கோட்டுப் பையில் கிளினிக்கின் பல் கண்ணாடி,
நீளக் கைப்பிடி வைத்தது.
கடைவாய்க்குள் கண் போகாத இடத்துக்கு
நான் எப்போதும் அதைத்தான் அனுப்புவேன்.

கராஜில்
பின்சக்கரம் கழன்று
ஒரு காலைத் தூக்கிய நாய்போல நின்றது
வெள்ளி நிற போர்ஷே.
பக்கத்துக்கு மூன்றாய்
முதுகு காட்டிப் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர்கள்.
இப்படி ஒரு எஞ்சினை வீட்டில் வைத்து
பிளக் மாற்றுகிறேன் என்பவனுக்கு
முதலில் கழன்றது எந்த மரை என்று
கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. யிட்கா இருந்தாள்.
விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
நான் பார்க்கும் இடத்துக்கு அரை நொடி முன்பே
வெளிச்சம் போய்ச் சேர்ந்தது.
எங்கள் கிளினிக்கில் இப்படி ஒருத்தி இல்லை.

"நேற்று ராத்திரியிலிருந்து ஓட்டவில்லை" என்றான்.
"சூட்டில் திறந்தால்
அலுமினிய மரை பிய்ந்து வந்துவிடும்."
எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க
அவனுக்குத் தெரியும்.
எஞ்சினுக்குத் தெரியும் அது.

பழைய நாளிதழ்மேல் வரிசையாய் ஐந்து பிளக்.
ஐந்தும் பிஸ்கட் நிறம், நல்ல எரிப்பு.
நான் தரையில் படுத்தேன்.
முழங்கைவரை உள்ளே.
அதற்குமேல் கை என்னுடையது இல்லை,
விரல் நுனி மட்டும் எங்கோ தனியாக
ஒரு போல்ட்டைத் தொட்டு
ஒரு வயரைத் தொட்டு
கண்ணாடியில் எல்லாம் தலைகீழாய்த் தெரிய
இதோ.
சாக்கெட்டை மாட்டி நெம்பினேன்.
வரமாட்டேன் என்றது.
பிறகு சின்னதாய் ஒரு கிரீச்.
வந்தது.

கறுப்பு. எண்ணெயில் குளித்திருந்தது.
"குழாய் சீல் கசிகிறது" என்றேன்.
"எத்தனை நாளாய்?" என்றான்.
நான் என்ன சொல்ல?

புதியதைச் செருக
ஒரு சாண் ரப்பர் குழாய் போதும்.
நுனியில் பிளக்கைச் சொருகி
இரண்டு விரலால் உருட்டினால்
மரை நேராய்ப் பிடித்தால் ஏறும்,
கோணலாய்ப் பிடித்தால்
ரப்பர் தானாக வழுக்கி நின்றுவிடும்.
எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று
ஒரு ரப்பர் குழாய்க்குத் தெரிகிறது.

மூன்றாவது முயற்சியில் ஏறியது.
டார்க் ரெஞ்ச்.
ஒரு 'டிக்'.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?" என்றான்.
"போதும்!"
நானும் யிட்காவும்
ஒரே நேரத்தில்,
ஒரே குரலில்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
முதலில் சிரித்தது அவள்.
விளக்கு குலுங்கி
எங்கள் மூவர் நிழலும் கூரையில் ஆடியது.

காயிலை மாட்டி சக்கரம் பூட்டி
சாவியைத் திருப்பினால்
ஆறும் ஒன்றாய்ப் பேசின.
ராடோவான் துணியால் கையைத் துடைத்துத் துடைத்து
"ஒரு சுற்று போகலாமா?" என்றான்
யாரையும் பார்க்காமல்.
காரில் இருக்கை இரண்டுதான்.

சாவியை யிட்கா வாங்கிக்கொண்டாள்.
"இவரை நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றாள்
என்னைக் காட்டி.

திரும்பிப் பார்த்தேன்.
கராஜ் வாசலில் நின்றிருந்தான்,
கையில் அந்தக் கறுப்பு பிளக்.

முதல் சிக்னல் சிவப்பு.
என் நகக்கண்ணில் எண்ணெய்.
ஹீட்டரைக் கூட்டுவதுபோல் குனிந்து
மெதுவாகக் கேட்டாள்:
"தூக்கத்தில் எண்களாய்ச் சொல்கிறாரே,
முன்பும் உண்டா?"

"என்ன எண்?" என்றேன்.

பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.